மூச்சு தீர்ந்த நேரம்

செண்பகத்தின் காதிலிருந்து கம்மல் திருகாணி கழன்று டைல்ஸ் தரையில் உருண்டது. அவள் கவனிக்கவில்லை. ஒயர் இல்லாத வேக்குவம் கிளீனர் கட்டிலுக்கடியில் நுழைந்து, தூசியோடு அதையும் இழுத்துக்கொண்டது.

"அக்கா, நான் குப்பையில்லை. என்னை விட்டுடுங்க" என்று கிளீனரின் தூசி டப்பாவுக்குள்ளிருந்து திருகாணி அழுதது.

"வயித்துக்குள்ள இருக்கறதால எனக்குக் கேட்குது. இந்த இரைச்சல்ல அவளுக்கு எப்படிம்மா கேட்கும்?" என்ற கிளீனருக்கும் நடுக்கம்தான். கூட்டி முடித்ததும் செண்பகம் டப்பாவை நேரே குப்பை வண்டியில் தட்டிவிடுவாள். வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது.

"கொஞ்சம் நில்லுங்க அக்கா."

"கனமே இல்லை, மூலைமுடுக்கெல்லாம் போவேன்னு பேர் வாங்கினவ நான். நானா நிற்கத் தெரியாது. இருபது நிமிஷத்துல மூச்சு தீர்ந்துடுதுன்னு தினம் திட்டு வாங்குறேன். இன்னிக்கு அது சீக்கிரம் தீரணும்னு சாமிய வேண்டிக்கோ."

இரண்டும் வேண்டிக்கொண்டன. பேட்டரியின் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. கிளீனர் நின்றது.

"பாதி வீடு கிடக்கு, அதுக்குள்ள படுத்துக்கிச்சே" என்று செண்பகம் ஒற்றைக் கையால் அதைத் தூக்கினாள்.

இரைச்சல் அடங்கிய வீட்டில், டப்பாவுக்குள் 'டிக்' என்று ஏதோ தட்டியது.

அவள் கை காதுக்குப் போனது.