எல்லாரும் பாஸ்

மலாயாவுக்கு மெர்டேக்கா எனும் சுதந்திரம் கிடைத்த மறுவருடம் ஏழாம் வகுப்புச் சோதனை முடிவு வந்தது. ரப்பர் தோட்டப் பள்ளியிலிருந்து மலாக்கா காஜா பெராங்கில் இருந்த வீட்டுக்குத் திரும்பிய சந்திரமதி டீச்சர், வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“டவுன் பள்ளியில பாதிப் பேரு பெயிலாம். உங்க பள்ளியில எல்லாரும் பாஸ்! இனி பள்ளிய மூட மாட்டாங்க. அப்புறம் ஏன் இந்த இழவு வீட்டு முகம்?” என்றார் கணவர் கருணாகரன்.

“வழியில அஞ்சலையப் பார்த்தேங்க. ரப்பர் பால்வாளி தூக்கிட்டு வந்துச்சு.”

“கணக்கே வராதுன்னு சொல்லுவியே, அந்தப் புள்ளையா? அதுகூடவா பாஸ்?”

“இல்லீங்க. அது சோதனையே எழுதல. தேறாதுன்னு தெரிஞ்ச புள்ளைங்களை அன்னிக்கு வர வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன்.”

கருணாகரன் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

“அது கோவிச்சுக்கவே இல்லீங்க. ‘நான் வராததாலதானே டீச்சர் நம்ம பள்ளி ஜெயிச்சுச்சு’ன்னு பெருமையா கேட்டுச்சு. ஆமான்னுட்டேன்.”