ஆமை சொல்லும் எண்

பாறை இடுக்கில் குட்டிகளோடு குடியிருந்த முயலின் வீட்டுக் கதவுக்கான கடவுச்சொல்லை நரி ஒட்டுக்கேட்டுவிட்டது. அன்றே முயல், சொல்லோடு ஓர் எண்ணையும் கேட்கும்படி கதவிடம் சொல்லி, அந்த இரண்டாவது காவலுக்கு ஆள் தேடியது.

முதலில் மைனா வந்தது. "ஒவ்வொரு தடவையும் புது எண்ணைக் கூவிச் சொல்லிடுவேன் அக்கா. எங்க இருந்தாலும் கேட்கும்."

"நரிக்கும் கேட்குமே," என்று முயல் அதை அனுப்பிவிட்டது.

அடுத்து வந்த ஆமை, அரை நிமிடத்துக்கு ஓர் எண்ணை முயலின் காதில் மட்டும் சொல்வதாக ஒப்புக்கொண்டது. பத்து மாற்று எண்களை ஓர் இலையில் எழுதியும் கொடுத்தது. "நான் இல்லாத நாளைக்கு இது. பத்திரமான இடத்துல வைங்க."

வீட்டைவிடப் பத்திரமான இடம் ஏது? முயல் இலையைக் குட்டிகளின் படுக்கைக்கு அடியில் வைத்தது.

மறுவாரம் ஆமை வலையில் சிக்கிச் செத்தது.

மேய்ந்து திரும்பிய முயல் கடவுச்சொல்லைச் சொன்னது. கதவு இலக்கணச் சுத்தமானது. ஓர் ஒற்று விட்டுப்போனாலும் திறக்காது.

"சொல் சரி. எண்?"

"ஆமை செத்துப்போச்சு."

"அப்படியானால் மாற்று எண்ணைச் சொல்லுங்கள்."

"அந்த இலை உள்ளதான் இருக்கு! என்னைத் தெரியலையா உனக்கு?"

"நரியும் இதையேதான் கேட்டது."

முயல் நகம் பிய்யக் கதவைப் பிறாண்டியது. உள்ளே குட்டிகள் விழித்துக்கொண்டன. "பசிக்குது. வெளியே யாரு, அம்மாவா?"

"அம்மா என்று சொல்லிக்கொள்கிறது," என்றது கதவு, அன்பாக. "பயப்படாமல் தூங்குங்கள் கண்ணுகளா. நான் விடமாட்டேன்."