இடது பக்கம் ஒரு அங்குலம்

“நேரா ஒரு ஸ்கர்ட் தைக்கத் தெரியல. உனக்கெல்லாம் எதுக்கு வாசல்ல போர்டு?”

நர்சரிப் பள்ளி நடத்தும் டீச்சரம்மா சிவப்பு ஸ்கர்ட்டை வெட்டும் மேசைமேல் வீசினாள். அவளுடைய மூன்று வயது மகள் அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இடது பக்கம் ஒரு அங்குலம் தொங்குது. போன மாசம் நீலம், அதுக்கு முந்தி பச்சை. இவளுக்கு மூணு ஸ்கர்ட், மூணும் கோணல்!”

“அளவு பார்த்துத்தான் தைச்சேன் மேடம்…” என்றாள் தையல்காரி.

“பார்த்த லட்சணம்தான் தெரியுதே.”

டீச்சரம்மாவின் பார்வை அப்போதுதான் மூலைக்குப் போனது. பாயில் தலையணைகளுக்கு நடுவே இரண்டரை வயதுப் பெண் ஒருத்தி கிடந்தாள். மார்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. கால்கள் தவளையின் கால்கள்போல் விரிந்து, நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. கையில் காலி நூல்கண்டை வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

“உன் பொண்ணா? எங்கேருந்து விழுந்துச்சு?”

“விழல மேடம். இது…”

“விழாமலா இத்தனை பெரிய கட்டு? பெத்தவ மெஷினையே பார்த்துக்கிட்டிருந்தா பிள்ளை விழாம என்ன பண்ணும்?”

தையல் மெஷின்மேல் இருந்த போனில் அலாரம் அடித்தது. “ஒரே நிமிஷம் மேடம்” என்று தையல்காரி எழுந்தாள். மார்புக்கடியில் ஒரு கை, தொடைக்கடியில் ஒரு கை கொடுத்துக் குழந்தையைக் குப்புறத் திருப்பினாள். கட்டின் ஓரத்தில் விரலை ஓட்டி ஈரமில்லை என்று பார்த்தாள். உள்ளே செருகியிருந்த டயப்பரை உருவிவிட்டு வேறொன்று செருகினாள்.

டீச்சரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். மூட்டையைப் புரட்டுவது போலல்லவா புரட்டுகிறாள்! ஆனால், கட்டுக்கு மேலே போட்டிருந்த கால்சட்டையின் பக்கவாட்டில் நாடா வைத்த தையல் மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

“சொந்தப் பிள்ளைக்குன்னா கை கோணாது போல.”

“ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை திருப்பிப் போடணும் மேடம். இல்லன்னா முதுகு புண்ணாயிடும்.”

“உன் கதையைக் கேக்கவா வந்தேன்? இந்தப் பக்கம் ஒரு அங்குலம் வெட்டிக் கொடு. என் ஸ்கூல் யூனிஃபார்ம் அறுபது செட்டும் உனக்குத்தான்னு நெனச்சிருந்தேன். இந்தக் கையை நம்பிக் கொடுக்கவே பயமா இருக்கு.”

அறுபது செட் கிடைத்தால், கட்டுப் பிரிக்கும்வரை குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டே தையல்காரி பிழைத்துவிடுவாள். டீச்சரம்மாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

தையல்காரி ஸ்கர்ட்டை இரண்டாக மடித்து மேசையில் நீவினாள். ஓரத்தோடு ஓரம் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

“நீ பிள்ளைக்குத் தைச்சியா, மேசைக்குத் தைச்சியா? வாத்துக்குட்டி, போட்டுக் காட்டுடா கண்ணு.”

வாத்துக்குட்டி என்பது மகளுக்குப் பள்ளிக்கூடமே வைத்த செல்லப்பெயர். அவள் ஆடி ஆடி நடந்து வரும் அழகை வீடியோ எடுத்து டீச்சரம்மா காட்டாத ஆள் கிடையாது. இப்போதும் அப்படியே ஆடி வந்து, மேசைமேல் ஏற்றி நிறுத்தி ஸ்கர்ட்டை மாட்டியதும் சிரித்தாள்.

ஸ்கர்ட் இடது பக்கம் ஒரு அங்குலம் இறங்கி நின்றது.

“இப்ப என்ன சொல்றே?”

தையல்காரி ஸ்கர்ட்டைக் கழற்றினாள். முன்பக்கம் பின்னால் வரும்படி திருப்பி மாட்டினாள்.

“முன்னால எது, பின்னால எதுன்னுகூடத் தெரியாதா உனக்கு? நல்ல தையல்காரி!”

“வெட்டு கோணல்னா இப்ப வலது பக்கம்தானே மேடம் இறங்கணும்?”

இறங்கவில்லை. மறுபடியும் இடது பக்கமே இறங்கியிருந்தது.

“வக்கீல் மாதிரி பேசாதே. வெட்டுன்னா வெட்டு! இல்லன்னா அறுபது செட்டும் அடுத்த தெருக் கடைக்குப் போயிடும்.” டீச்சரம்மாவே கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

தையல்காரி வாங்கிக்கொண்டாள். ஸ்கர்ட்டின் ஓரத்தைப் பார்த்தாள். பாயில் கிடந்த மகளைப் பார்த்தாள்.

“பாப்பா நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்தே இப்படி ஆடித்தான் நடக்குதா மேடம்?”

“அது என் பொண்ணோட அழகு. அதுலயும் குத்தம் கண்டுபிடிக்கிறியா நீ?”

தையல்காரி கத்தரிக்கோலை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

“நான் வெட்டல மேடம். ஆர்டரை அந்தக் கடைக்கே கொடுத்துடுங்க. ஆனா பாப்பாவை இன்னிக்கே எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிப்போய் இடுப்பை ஒரு எக்ஸ்ரே எடுங்க.”

“என்ன… என்ன உளர்றே?”

“என் பொண்ணு எங்கேயும் விழல. இடுப்புக் குழியில எலும்பு சரியா உக்காராமலே பொறந்துட்டா. யாருக்கும் தெரியல. ஆடி ஆடி நடந்தா, எல்லாரும் கொஞ்சினோம். அவ ஸ்கர்ட்டும் ஒரு பக்கம் இறங்கிச்சு.”

டீச்சரம்மாவின் கை மகளின் இடுப்புக்குப் போய் அப்படியே நின்றது.

“நானும் ஆறு மாசம் துணியைத்தான் வெட்டிக்கிட்டிருந்தேன், மேடம்.”