மாப்பிள்ளைக்காக ஓடியவள்

வலைப்பந்து விளையாடித் திரண்டிருந்த கால்கள் மெலிய வேண்டுமென்று மேனுகா தினமும் கரம்பொன் வரை ஓடினாள். இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டாள்.

“கனடா மாப்பிள்ளைக்காக என்ன பாடுபடுறாள்!” என்று பூரித்தாள் தாய் சீதேவி.

மூன்று மாதம் கழித்து வந்த தரகர் அரியநாயகம், மேனுகாவைக் கண்டு திகைத்தார். “என்ன, பிள்ளை இப்பிடி மெலிஞ்சுபோனா?”

“இப்பதானே வடிவாயிருக்கிறாள்!”

“அவையள் பெலமான பிள்ளையெண்டுதான் கேட்டவை. மாப்பிள்ளையின்ர தாய் படுத்த படுக்கை. தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்க ஆள் வேணுமாம். இனி இது சரிவராது.”

சீதேவி கதிரையில் இருந்துவிட்டாள். “இதை ஏன் முதலே சொல்லேல்லை?”

“பேச்சு வந்த அண்டைக்கே பிள்ளையிட்டைச் சொன்னனானே, தங்கச்சி.”

மேனுகா சப்பாத்தைக் கழற்றி மூலையில் வைத்தாள்.

“அம்மா, புட்டு மிச்சம் கிடக்கோ?”