முகம் தெரியும் தகடு

"இது அலுமினியமா, இல்ல நம்ம வீட்டுப் பழைய இட்லிப் பானை மூடியா?" என்று கேட்டாள் ராதா.

கல்யாணசுந்தரம் கேரவனுக்குள் மண்டி போட்டு உட்கார்ந்து, பாலிஷ் தொட்ட துணியால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமாகத் தேய்க்கிறார். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். தகடு அழுது வடிந்தது.

அறுபத்தெட்டாம் வருடத்துக் கேரவன் அது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. கடல் கடந்து வந்து குடியேறிய டூங்கபி ஊரில் அவர்கள் வீட்டு முன்னால், ராதாவின் கார் நிற்க வேண்டிய இடத்தில், இரண்டு வருடமாக நிற்கிறது. கேரவன் வாங்கிவிட்டேன் என்று சேலத்துக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னபோது, எந்தப் படத்தில் நடிக்கிறீர்கள் மாமா என்று மச்சினன் கேட்டான். அப்போதே அதை விற்றுத் தொலைத்திருக்க வேண்டும்.

உள்சுவர்ப் பலகையெல்லாம் ஈரத்தில் ஊறி உளுத்துப் போயிருந்தது. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு அலுமினியத் தகடு அடிப்பது என்று தீர்மானித்தார். அவர் மெக்கானிக்கல் இன்ஜினியர். பட்டம் வாங்கிய பிறகு கம்ப்யூட்டரைத் தவிர வேறு எந்த இயந்திரத்தையும் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

தகடு வாங்கியது பக்கத்து ஊரான செவன் ஹில்ஸில், மகேந்திரராஜாவின் பட்டறையில். யாழ்ப்பாணத்துக்காரர். உள்ளதிலேயே நல்ல தகடாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

"முகம் பாத்துச் சேவ் எடுக்கலாம், அப்பிடி மினுங்கும்," என்றார். பிறகு, "சுவரில பூட்டுறதுக்கு முதல் ஒண்டு சொல்ல வேணும்..." என்று தொடங்கினார்.

"அண்ணே, நான் மெக்கானிக்கல் இன்ஜினியர்," என்றார் கல்யாணசுந்தரம்.

பாவம், அந்த மனுஷர் அத்தோடு வாயை மூடிக்கொண்டார்.

புதுப் பொருளில் ஒரு கீறல் விழுந்தாலும் கல்யாணசுந்தரத்துக்குத் தாங்காது. தகட்டைப் போர்வையில் சுற்றி, குழந்தையைப்போலக் கொண்டுவந்து இறக்கினார். சுவருக்குச் சுவர் அட்டை வைத்து அளவெடுத்தார். வெட்டினார், ஓரம் மடித்தார், முந்நூறு ரிவெட் அடித்தார். ஒரே ஒரு தகட்டில் மட்டும் ஜன்னல் ஓட்டையை இடம் வலம் மாற்றி வெட்டிவிட்டார். அது இப்போது கறிவேப்பிலைச் செடிக்குப் பனி மறைப்பாக நிற்கிறது. மற்றபடி வேலை சுத்தம். மினுக்கம்தான் வரவில்லை. மகேந்திரராஜாவிடம் போய்க் கேட்கலாம். ஆனால் அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ராதா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இப்போது கெடு வைத்தாள்.

"நாளைக்கு உங்க பழைய கேரவன் சங்கத்துக் கண்காட்சி. நம்ம ஃப்ரெண்ட்ஸ் சொல்றதெல்லாம் செல்லாது. வெளி ஆள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், உள்ள வந்து பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லட்டும், வச்சுக்கலாம். இல்லன்னா திங்கட்கிழமை இங்க என் கார் நிக்கும்."

மறுநாள் பூங்காவில் வரிசையாகப் பழைய கேரவன்கள். வலப்பக்கத்துக் கேரவன் கண்ணைப் பறித்தது. இடப்பக்கத்துக் கேரவனும் பறித்தது. நடுவில் நம்மவருடையது. வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், மரியாதைக்குச் சிரித்தார்கள், அடுத்ததற்குப் போனார்கள். ராதா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தபடி, இதுவரை பதினோரு பேர் என்று எண்ணிச் சொன்னாள். கல்யாணசுந்தரம் கேரவனைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டிய பெட்டியை நாளைக்கு யாரோ இழுத்துக்கொண்டு போகப் போகிறார். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு தகரப் பெட்டிக்காக அழுகை வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

மூன்று மணிக்கு நடுவர் வந்தார். எழுபது வயது வெள்ளைக்காரப் பெண்மணி. சுவரைத் தடவினார். மறுபடியும் தடவினார். வெளியே போய் இன்னும் இரண்டு நடுவர்களைக் கூட்டிவந்தார். மூவரும் சுவரோடு மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, கல்யாணசுந்தரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். ஊரெல்லாம் கடைத் தகட்டைப் பளபளவென்று அடித்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். இது ஐம்பது வருடம் புழங்கிய பழைய தகட்டுச் சுவர்போலவே இருக்கிறது. புதுத் தகட்டில் இந்த மங்கலை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார் அந்த அம்மாள்.

கல்யாணசுந்தரம் ஓரக்கண்ணால் ராதாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். எல்லாம் கைப் பாலிஷ்தான், மூன்று வாரப் பொறுமை, கொஞ்சம் இன்ஜினியரிங் என்றார்.

உள் அலங்காரத்துக்கு முதல் பரிசு, நீல ரிப்பன். அது போதாதென்று, அடுத்த மாதம் சங்கத்து உறுப்பினர்கள் நாற்பது பேருக்கு அந்த முறையைச் செய்து காட்ட முடியுமா என்று கேட்டார்கள். கேள்வி முடிவதற்குள் இவர் தலையாட்டிவிட்டார்.

"சரி, என் கார் தெருவுலயே நிக்கட்டும்," என்றாள் ராதா. சொல்லும்போது சிரித்துவிட்டாள். கல்யாணசுந்தரத்துக்குக் கால் தரையில் இல்லை.

அந்த நேரம் பார்த்து, தன் தகடு எப்படி இருக்கிறது என்று பார்க்க மகேந்திரராஜா வந்து சேர்ந்தார். ரிப்பனைப் பார்த்துக் கை குலுக்கினார். உள்ளே போய்ச் சுவரை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதைத்தான் அண்டைக்குச் சொல்ல வந்தனான், இன்ஜினியர்," என்று ஜன்னல் ஓரத்தை நகத்தால் கிள்ளி இழுத்தார்.

கீறல் விழாமல் இருக்கக் கம்பெனியில் ஒட்டி அனுப்பிய மெல்லிய பிளாஸ்டிக் உறை, மூன்று வாரப் பாலிஷோடு சர்ரென்று ஒரு முழம் உரிந்து வந்தது. அதனடியில் பளிச்சென்று மினுங்கிய தகட்டில், நாற்பது பேருக்கு வகுப்பெடுக்கப் போகிறவரின் முகம் தெளிவாகத் தெரிந்தது.