ஒயரைப் பிடுங்கிய டீச்சர்

நாலாம் வகுப்பு டீச்சர் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த ஒயரைப் பிடுங்கினதை அறையிலிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

சுவர் அகலத்துக்கு இருந்த திரை பொசுக்கென்று கருத்துப் போனது.

தலைமை ஆசிரியர் பதறி எழுந்தார். புதுப் பாடத்திட்டம், பிள்ளைக்கு ஒரு டேப்லெட், இந்தப் பெரிய திரை, எல்லாம் தாளாளரிடம் தொங்கித் தொங்கி வாங்கினது. பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுகிற முதல் நாள் வேறு. தாளாளர் முன்வரிசையில்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 'புதிதாக ஒரு மெஷின் வந்ததால் உங்கள் வீட்டில் என்ன மாறியது?' என்பது கேள்வி. பிள்ளைகள் டேப்லெட்டில் தட்டி அனுப்பினால், கொஞ்ச நேரத்தில் பெயரோடு திரையில் வந்து விழும்.

'துணி துவைக்கிற மெஷின் வந்த பிறகு அம்மாவுக்கு நேரம் நிறைய இருக்கிறது. அதனால் என்னைத் துவைக்கிறாள்' என்று ஒரு வாண்டு எழுத, அறையே சிரித்தது. தாளாளரே சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான், மூன்றாவது பெஞ்சில் பிள்ளைகளுக்குப் பின்னால் குனிந்து நின்ற டீச்சர், பேய் விரட்டின மாதிரி ஓடினார்.

"என்ன டீச்சர் இது?" தாளாளர் குரல் தணிந்துதான் வந்தது. அதுதான் பயம்.

"கை தவறிடுச்சு சார்."

"கையாவது தவறுறதாவது." டை கட்டின அப்பா ஒருத்தர் எழுந்து நின்றார். ஷூவில் முகம் பார்க்கலாம். "அங்கேருந்து இங்க ஓடி வந்து பிடுங்கினாங்க. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"விடுங்களேன். பாவம், பெரியவங்க," என்று பக்கத்திலிருந்த அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு. உனக்கு வெளியுலகம் தெரியாது." டீச்சர் பக்கம் திரும்பினார். "எத்தனை வருஷமா வேலை பார்க்கறீங்க?"

"முப்பத்திரண்டு."

"அதான். எங்க ஆபீஸ்ல மெஷினைக் கண்டு மிரள்ற ஆளை ஒரு நாள் வெச்சிருக்க மாட்டோம். கையில பையைக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவோம். தனக்கே வராததை இவங்க எங்க பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவாங்க?"

நாலைந்து தலைகள் ஆமாம் போட்டன.

டீச்சர் அந்த மனைவியை ஒருதரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதான் சார். எனக்கு மெஷின் ஒத்து வரலை. பதட்டத்துல பிடுங்கிட்டேன். மன்னிச்சுக்குங்க."

டை கட்டினவர் விடவில்லை. "மன்னிப்பு எதுக்கு? ஆளை மாத்துங்க. இல்லேன்னா என் பொண்ணை வேற ஸ்கூல்ல சேர்த்துக்கறேன்."

தாளாளர் எழுந்தார். தலைமை ஆசிரியர் காதருகே, "நாளைலேருந்து இவங்க இந்த கிளாஸ்ல இருக்கக் கூடாது," என்றார்.

எல்லோரும் டீ குடிக்க ஹாலுக்குப் போனார்கள். பிள்ளைகளும் பின்னாலேயே ஓடின. தலைமை ஆசிரியர் கதவைச் சாத்தினார்.

"மழுப்பாம சொல்லுங்க. வேணும்னேதானே பண்ணீங்க?"

டீச்சர் கீழே கிடந்த ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஸ்டாஃப் மீட்டிங்லயே முரண்டு பிடிச்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். 'பிள்ளைங்க எழுதறது முதல்ல என் கைக்கு வரட்டும், அப்புறம் ஊருக்குக் காட்டலாம்'னு. பழைய பஞ்சாங்கம்னு எல்லாரும் சிரிச்சாங்க. அந்தக் கோபத்தை இன்னிக்கு என் தலையில தீர்த்துட்டீங்க."

"கோபம் இல்லை சார்."

"பின்னே?"

"பதட்டம்தான்."

"நாளைலேருந்து லைப்ரரிக்குப் போயிடுங்க. ரிடையர் ஆகற வரைக்கும் அங்கேயே."

டீச்சர் ஒயர்ச் சுருளை மேஜைமேல் வைத்தார். முப்பத்திரண்டு வருஷமாக வகுப்பறையை விட்டு நகராத மனுஷி.

"சரி சார்," என்றார்.

தலைமை ஆசிரியருக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

கதவு லேசாகத் திறந்தது. டை கட்டினவரின் மகள். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போயிருந்தாள். மூன்றாவது பெஞ்சிலிருந்து அதை எடுத்துக்கொண்டவள் போகாமல் நின்றாள்.

"டீச்சர், நான் அனுப்பினது போர்டுல வந்துச்சா?"

"வரலைடா கண்ணு. கரண்டு போயிடுச்சு இல்ல? நீ ஓடு, அம்மா தேடுவாங்க."

"திரும்பப் போட்டா வருமா?"

"வராது. டீச்சர் அழிச்சுட்டேன். போடா."

அந்த அவசரம் தலைமை ஆசிரியருக்கு உறுத்தியது.

"நில்லும்மா. அப்படி என்ன எழுதின?"

"சார், வேண்டாம்," என்றார் டீச்சர். இன்றைக்கு முதல்முறையாகக் குரல் உயர்ந்தது.

பெண் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"எங்கப்பா ஆபீஸ்ல புது மெஷின் வந்துச்சு சார். அது அப்பாவுக்கு வரலைன்னு வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. தினமும் டை கட்டிக்கிட்டுப் போய் பார்க்ல உட்கார்ந்திருக்கார். ஸ்கூல் வேன்லேருந்து நான் பார்த்துட்டேன்."

தலைமை ஆசிரியர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அம்மாகிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கியிருக்கார். அதான் சார் நான் சொல்லவே இல்லை. டைப்தான் பண்ணேன்."