எட்டாவது ஆள்

ராயபுரம் மாதா கோயில் கூடத்தில் சனிக்கிழமை வெயில் சாய்ந்து தரையில் கட்டம் போடுகிறது. ஸ்காட்லாந்து நாட்டார் ஆட்டத்துக்கு எட்டுப் பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். டோரதி டீச்சரிடம் ஏழு பேர்தான் இருக்கிறார்கள். இன்றும் ஆள் சேராவிட்டால் கூடம் கேரம் சங்கத்துக்கு என்று சொன்ன பங்குச் சாமியார், நாற்காலி போட்டு உட்கார்ந்தே விட்டார். இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்த துறைமுகக் கம்பெனித் துரைமார் ஊருக்குக் கப்பலேறிய பிறகும் அதை விடாத டோரதியா அசருவாள்? ஜன்னலில் தொங்கி வேடிக்கை பார்க்கும் சிலுவையம்மாளைக் கைதட்டிக் கூப்பிடுகிறாள். "இன்னா பெரிய ஆட்டம்!" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தம்மாளும் வந்து நிற்கிறாள். இசைத்தட்டில் ஃபிடில் துள்ளுகிறது. ஜோடி மாறிக் கைகோத்துச் சுற்ற வேண்டிய இடத்தில், ஏழு பேரில் ஒருவனான கிரேன் ஓட்டும் பாஸ்கல் சிலுவையம்மாள் எதிரே வந்ததும் சிலையாகிறான். "டீச்சர், இவங்க என் மாமியாரு. கையப் புடிச்சா ஊரு சிரிக்கும்." சிரிக்கக் காத்திருக்கும் ஊர் ஜன்னல் முழுக்க நிற்கிறது. டோரதி இசைத்தட்டை நிறுத்தவில்லை. "துணி மேல புடி பாஸ்கல்!" சிலுவையம்மாள் முந்தானையை உருவிக் கைமேல் போர்த்தி நீட்டுகிறாள். "புடிங்க மாப்ளே, பாட்டு போய்க்கினே கீது." பாஸ்கல் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிறான், இருவரும் பம்பரமாய்ச் சுழல்கிறார்கள். சாமியாரின் செருப்பு அவரைக் கேட்காமலே தாளம் போடுகிறது. "சரிம்மா, கூடம் உனக்குத்தான். ஆனா ஸ்காட்லாந்துலயும் இப்படித்தான் புடிப்பாங்களா?" என்கிறார். "இல்ல ஃபாதர்," என்கிறாள் டோரதி, கண்ணிமைக்காமல். "அங்க மாமியாருங்க இன்னும் அந்த அளவுக்கு முன்னேறல."